கனேயோ காய்ச்சிய துவர்ப்பு

எங்கள் ஊர்க் கோவிலில் கோடைக்கால உபதேசம் நடக்கும் நாட்களில், விடியற்காலை வலை இழுத்துவிட்டு நேரே வந்து உட்காருகிற ஆண்கள் தூங்கிப்போவது வழக்கம். ஒரு நாள் ஹெய்சுகே என்கிற பெரியவர் குறட்டை விட ஆரம்பித்தார். குரு பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையிலிருந்த கனேயோ, அமிதா புத்தரின் நாமத்தை உரக்கச் சொன்னாள். ஒருவர் தொடங்கினால் எல்லோரும் சேர்ந்துகொள்வது எங்கள் முறை. கூடம் முழுக்க நாமம் எழும்பியதில் குறட்டை அமுங்கிப்போயிற்று, பெரியவரும் விழித்துக்கொண்டார். பிறகு நான் கேட்டதற்கு, "எனக்கென்னமோ அப்ப சொல்லணும்னு தோணிச்சு" என்றாள்.

கனேயோ கடலோரத்துக்காரி அல்ல. கணவாய்க்கு அந்தப் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்து, எங்கள் பக்கத்து வீட்டு சகுபேயைக் கட்டிக்கொண்டு நோட்டோ கடற்கரைக்கு வந்தவள். படகில் காலை வைத்தாலே அவளுக்குக் குமட்டும். மலைக்காரி என்று ஊரே கேலி செய்தது. அதனால் மாமியார் அவளை வலைக்குச் சாயம் ஏற்றும் வேலையில் விட்டாள். துவர்ப்பு மிகுந்த பச்சைப் பனிச்சங்காயை இடித்து, சாறு பிழிந்து, புளிக்கவைத்து, அதில் நூல்வலையை முக்கி எடுத்துக் காயப்போட வேண்டும். நூல் இறுகும், தண்ணீர் ஊறாது, வலை சீக்கிரம் மக்காது. அந்தச் சாற்றின் நாற்றத்தை நான் இங்கே எழுதாமல் விடுவதே நல்லது. கனேயோவின் கைகள் முழங்கை வரைக்கும் பழுப்பாகவே இருக்கும். "எனக்குக் கையுறை வாங்குற செலவு மிச்சம்" என்பாள்.

மலையில் இருந்தபோதே அவளுக்கு ஒரு செடியோடு நல்ல பழக்கம். பாதையோரத்தில் தானாக முளைப்பது அது. வயிற்றோட்டத்துக்குக் குடித்தால் உடனே கேட்கும் என்பதால் கைமேல் பலன் என்றே அதற்குப் பெயர். கோடையின் உச்சத்தில் பூ விட்ட பிறகுதான் பறிப்பாள். பூவுக்கு முன்னால் அதன் இலையும் ஒரு நஞ்சுச் செடியின் இலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பறித்ததை நிழலில் உலர்த்தி எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுப்பாள்.

உலகப்போர் முடிந்து ஏழாவது கோடையில் என் தம்பி தெய்கிச்சிக்கு முப்பத்தொரு வயது. எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. கோவில் குருவின் மனைவி, நாங்கள் கோவில் அம்மா என்று கூப்பிடுவோம், அவர்தான் வயல்பக்கத்து ஊரிலிருந்து மிட்சுயே என்கிற பெண்ணைப் பேசி முடிவு செய்யப் பார்த்தார். பெண்ணும் பிள்ளையும் நேரில் பார்த்துக்கொள்ளக் குறித்த நாள் இரண்டு தடவை தள்ளிப்போனது. ஒரு தடவை புயல், ஒரு தடவை அவர்கள் வீட்டில் சாவு. மூன்றாவதும் தவறினால் இது புத்தர் கூட்டிவைத்த உறவு இல்லை என்று இரண்டு பக்கமும் விட்டுவிடுவார்கள். போதாததற்குப் பெண்ணின் தகப்பனார் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். மாப்பிள்ளை திடமான உடம்புக்காரனாக இருக்க வேண்டும். அவருடைய மூத்த மருமகன் நோயாளியாக இருந்து போய்ச்சேர்ந்தவன்.

மூன்றாவதாகக் குறித்த நாளுக்கு முந்தின நாள் என் தம்பி பாறைச் சிப்பி ஒன்பதைப் பச்சையாகச் சாப்பிட்டு வைத்தான்.

விடிவதற்குள் பதினோரு தடவை போய்விட்டு வந்தான். நான் கனேயோ கொடுத்த கட்டிலிருந்து கிள்ளி, எங்கள் அம்மா செய்த மாதிரியே கொதிநீரை ஊற்றி வடித்து, வெயில் நாளாயிற்றே என்று கிணற்றில் இறக்கிக் குளிரவைத்து, ஒரு செம்பு கொடுத்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை. பகல் இரண்டு மணிக்குக் கோவிலில் இருக்க வேண்டும். வேலிக்கு மேல் எட்டிக் கனேயோவைக் கூப்பிட்டேன்.

வந்ததும் அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"காய்ச்சல் இல்ல. ரத்தம் போச்சா, தெய்கிச்சி?"

"இல்லக்கா."

"தப்பிச்சே. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் பொண்ணு பாக்கப் போக முடியாது, டாக்டரைப் பாக்கத்தான் போகணும். இசோ, இவனுக்கு என்ன குடுத்தே?"

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப் பாவி, அது வெளிய போகாதவங்களுக்குக் குடுக்குற பக்குவம்டி. உங்கம்மாவுக்கு மலச்சிக்கல், அவங்க அப்படிக் குடிச்சாங்க. நீ போறவனுக்குப் பாதையைக் கூட்டிப் பெருக்கி விட்டிருக்கே."

"நான் கல்யாணமே பண்ணிக்கக் கூடாதுன்னு எங்கக்காவுக்கு எண்ணம்" என்றான் தம்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

கனேயோ மண்சட்டியை அடுப்பில் வைத்தாள். ஒரு பிடி இலை, ஆறு கிண்ணம் தண்ணீர். அது சரிபாதியாகச் சுண்டும்வரை அவள் அடுப்பை விட்டு எழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.

"ஒரே இலைதானேக்கா? அதெப்படி அப்படியும் பண்ணுது, இப்படியும் பண்ணுது?"

"சும்மா ஊறவெச்சா துவர்ப்பு இலைக்குள்ளயே தங்கிடும். நல்லாக் கொதிச்சாத்தான் இறங்கும். பச்சைப் பனிச்சங்காயைக் கடிச்சிருக்கியா?"

"சின்ன வயசுல."

"நாக்கு என்னாச்சு?"

"மேல தோல் போட்ட மாதிரி இறுகிப்போச்சு."

"அதேதான் குடல்லயும். இவன் தின்ன சிப்பியில குடல் ரணமாகி, ஊறி, தண்ணியா கசியுது. துவர்ப்பு போய் அது மேல மெல்லிசா ஒரு தோல் போடும். கசிவு குறையும், குடலும் துடிக்காம அடங்கும். நான் தினம் வலைக்குப் பண்றதைத்தான் இன்னிக்கு உன் தம்பி வயித்துக்குப் பண்றேன்."

"அப்ப அந்தச் சாயத்தையே குடிச்சிடறேனே" என்றான் தெய்கிச்சி.

"குடி. குடிச்சிட்டுப் பொண்ணு பக்கத்துல போய் உட்காரு. அவ ஓடுற ஓட்டத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

சூடாக ஒரு கிண்ணம் குடித்தான். முகம் அஷ்டகோணலாயிற்று. மறுபடி பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று. நடுநடுவே உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், போன தண்ணீர் திரும்பி வர வேண்டும் என்று. எங்கள் நெறியில் புத்தரிடம் எதையும் கேட்பதில்லை, நன்றி மட்டும்தான் சொல்வோம். அன்று நான் பூஜை மாடத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

பத்து மணிக்குப் பிறகு இரண்டு தடவை போனான். பன்னிரண்டுக்கு மேல் போகவில்லை. கனேயோ அவனுக்கு இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிவிட்டு, "நான் பஸ்ஸடிக்குப் போய் அவங்களைக் கூட்டிட்டு வரேன், நீங்க கோவில்ல இருங்க" என்று கிளம்பினாள்.

கோவில் கூடத்தில் தெய்கிச்சி முழங்காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தான். கோவில் அம்மா அவனுடைய படகைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். எல்லோரும் வாய் மூடியிருந்த ஒரு நேரத்தில் அவன் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. பெண்ணின் தகப்பனார் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்து, "தவளை கத்துது. மழை வந்தா எங்க வயலுக்கு நல்லதுதான்" என்றார். மிட்சுயே தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. தேநீர் கொண்டுவந்த கனேயோ பழுப்புக் கைகளைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டு கிண்ணங்களை வைத்தாள்.

ஒரு மணி நேரமும் அவன் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் சம்மதம் என்று ஆள் வந்து சொன்னார்.

அந்தக் காலைப்பொழுதைப் பற்றி நானும் தம்பியும் மிட்சுயேயிடம் மூச்சு விட்டதில்லை. அவளுக்கு மூன்று குழந்தைகள் ஆயின. கனேயோவின் வீட்டுக்காரர் காலமான பிறகு, ஒசாகாவிலிருந்த மகன் அவளைத் தன்னோடு வரச் சொன்னான். நான்தான் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். வண்டி வரத் தாமதமாயிற்று. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் படியில் ஏறும்போது திரும்பினாள்.

"இசோ, மிட்சுயேகிட்ட இன்னும் அதை மறைச்சிக்கிட்டு இருக்கீங்களாமே. விட்டுடுங்க. அன்னிக்கு இங்க இறங்கினதும் அவளைத் தனியாக் கூப்பிட்டு நானே சொல்லிட்டேன். கோவில்ல இருக்கிறவன் ராத்திரி பூரா போய்க் கிடந்தவன், உன்னைப் பாக்கணும்னு மூணு கிண்ணம் துவர்ப்பைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கான்னு. உடம்பு விஷயத்துல அவளை ஏமாத்த எனக்கு மனசு வரல. அவ என்ன கேட்டா தெரியுமா? 'உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணி குடுத்தீங்களா?'ன்னு கேட்டா."