ஆறு மீன்கள் வெளுத்த கோடை

வத்சலாவின் கடையில் பன்னிரண்டு தொட்டிகள் இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். ஒன்பதுதான். லேக் மார்க்கெட்டுக்குத் தெற்கே இரண்டாவது சந்தில், எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, பத்தடிக்கு ஏழடி இடம். பத்தாவது தொட்டி வைத்தால் ஆள் நிற்க முடியாது.

கடை திறந்தது 1992 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அவர் ஒரு தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்பிஸ்டுகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு, திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆபீசில் அவர் மேஜைக்கருகே ஒரு மீன் தொட்டி இருந்தது. அதற்குத் தண்ணீர் மாற்றுவது அவர்தான். தெரிந்த இன்னொரு வேலை அது ஒன்றுதான் என்று கடை வைத்துவிட்டார்.

மெட்ராஸிலிருந்து வந்த அண்ணன் சுந்தரராஜனுக்கு இது பொறுக்கவில்லை.

"ஐயங்கார் ஆத்துப் பொண்ணு மீன் கடை வெச்சிருக்கான்னு நான் யார்கிட்டடி சொல்லுவேன்?"

"பாக்கற மீனுண்ணா, திங்கற மீன் இல்ல. அதையும் சேத்து சொல்லிடு."

அண்ணன் அன்று முழுவதும் கடைக்குள் வரவில்லை. மறுநாள் வந்து இரண்டு மணி நேரம் தங்க மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையைத் தாங்கி நிறுத்தியது விற்பனை அல்ல, கோடை விடுமுறை. இங்கே வங்காளத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் கோரமண்டல் ரயிலில் ஊருக்குப் போய்விடும். திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வீட்டு மீன்களுக்கு யார் தீனி போடுவது? வத்சலா பார்த்துக்கொண்டார். தொட்டிகளில் தடுப்புக் கண்ணாடி வைத்து, குடும்பத்துக்கு ஓர் அறை. ஒரு நோட்டில் குடும்பத்தின் பெயர், தேதி, எத்தனை மீன், என்ன நிறம் என்று எழுதிக்கொள்வார். 1996 கோடையில் இருபத்தேழு குடும்பங்கள் மீன் விட்டுப் போயின.

அந்த வருஷம் டிசம்பரில்தான் வண்ணக் கண்ணாடி மீன்கள் வந்தன. ஒன்றரை அங்குல நீளம், உடம்பு பளிங்கு மாதிரி, முள்ளெல்லாம் வெளியே தெரியும். முதுகிலும் வயிற்றோரத்திலும் மட்டும் ரோஜா நிறத்திலோ பச்சையிலோ ஒரு கோடு எரியும். மொத்த வியாபாரி ஐம்பத்து மூன்று கொண்டுவந்தான். ஆறு மாதத்தில் நாற்பத்திரண்டு விற்றன. லேக் கார்டன்ஸில் இருந்த பாங்க் ஆபீசர் ஸ்ரீனிவாசராகவன், ஒன்பது வயது மகள் ஸ்னேகாவுக்காக ஆறு வாங்கினார். மூன்று ரோஜா, மூன்று பச்சை.

அந்த ஆறையும் 1997 மே 11 அன்று வத்சலாவிடம் விட்டுவிட்டு அவர்கள் ஸ்ரீரங்கம் போனார்கள். ஜூன் 15 அன்று திரும்பி வந்து, ரயிலடியிலிருந்து நேரே கடைக்கு வந்தார்கள். ஸ்னேகா தொட்டியைப் பார்த்தாள்.

"அப்பா, இது என் மீன் இல்ல."

ஆறும் இருந்தன. நிறம்தான் இல்லை. ஒன்றின் முதுகில் மட்டும் பழைய சாயத் துணி போல லேசாகப் பச்சை.

ஸ்ரீனிவாசராகவன் நோட்டைக் கேட்டார். வத்சலாவே எடுத்துக் கொடுத்தார். அவர் கையெழுத்தில் அவர் எழுதியதே அவருக்கு எதிராக இருந்தது: ஆறு, ரோஜா 3, பச்சை 3.

"நீங்களே எழுதியிருக்கேள், மாமி. நான் ஒண்ணும் சொல்லல. கலர் மீன் செத்துப்போச்சுன்னா போச்சுன்னு சொல்லியிருக்கலாம். வேற மீனைப் போட்டு வெச்சிருக்க வேண்டாம்."

"நான் மாத்தல."

"பின்ன? கரைஞ்சு போச்சா?"

வத்சலா குனிந்து தொட்டியை இன்னொரு தடவை பார்த்தார். தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணுக்கு அது மெல்ல மெல்லப் போனது தெரியவே இல்லை. வாசலில் தங்கள் மீனுக்காகக் காத்திருந்த இரண்டு குடும்பங்கள் இதைக் கேட்டன. ஒரு வாரத்தில் நாலு தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் இருந்த ஒரே முதல், ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு விட்டுப் போகலாம் என்ற பெயர்தான். அது போனால் கடை இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் வத்சலா போனதே கிடையாது. கறிவேப்பிலை வாங்கவும் பூக்கடைப் பக்கமாகச் சுற்றித்தான் போவார். ஐந்து வருஷம் மீன் விற்றவருக்கு, வங்காளத்தில் எந்த வீட்டுச் சமையலறையிலும் தெரிந்த மீன்கள் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. கட்டடத்தைப் பெருக்க வந்த மீரா, வெளுத்த மீன்களைப் பார்த்துவிட்டு, மார்க்கெட்டில் மீன் விற்கும் ஆரதியிடம் கேளுங்கள் என்றாள். ஜூன் 19 காலை, ஒரு மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வத்சலா மீன் பக்கம் போனார்.

அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆரதி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏ தோ சாந்தா மாச், தீதி. நம்ம சாந்தா மீனுதான் இது, வயல் தண்ணியில கெடக்கும். மொறுமொறுன்னு வறுத்தா முள்ளோட சாப்பிடலாம்." தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினாள். அதே மீன். எதற்கும் நிறம் இல்லை.

"ரோஸ் கலர்ல வருமா?"

"ரோஸா? யாராவது ஹோலி ஆடிட்டாங்களா?"

வத்சலா மறுநாள் மொத்த வியாபாரியைப் பிடித்தார். அவன் மறைக்கவில்லை. ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள், ஒரு மீனுக்கு நாலைந்து குத்து, சிலதில் ஆறு மாதம், சிலதில் ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கும் என்றான்.

"சாகாதா?"

"பாதி சாகும், மாசிமா. மிச்சப் பாதிதான் உங்களுக்கு வருது."

இதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது என்று நினைக்கிறேன். மாற்றவில்லை என்று நிரூபிக்கலாம். ஆனால் அதற்கு, குத்துப்பட்ட மீன்கள் நாற்பத்திரண்டை விற்றவள் நான் என்று அவரே சொல்ல வேண்டும். திருடி இல்லை என்பதற்காக, ஏமாந்தவள் என்று ஒப்புக்கொள்வது. ஏமாந்ததோடு நிற்காமல், அந்த ஊசிக்கு வேலை கொடுத்தவள் என்றும்.

சொன்னார். லேக் கார்டன்ஸுக்கு நடந்துபோய் ஸ்ரீனிவாசராகவனிடம் முதலில் சொன்னார். அவர் மோர் கொடுத்து உட்கார வைத்து, "நன்னா இருக்கு மாமி கதை" என்றார்.

கடையில் விற்காத வண்ண மீன்கள் பதினொன்று மிச்சம் இருந்தன. ஜூன் 23 அன்று அவற்றைத் தெருவைப் பார்த்த முதல் தொட்டியில் விட்டார். தமிழிலும் வங்காளியிலும் ஒரு அட்டை: 'இவற்றின் நிறம் ஊசியால் ஏற்றியது. தெரியாமல் விற்றேன். இவை விற்பனைக்கு அல்ல. நிறம் போவதை நீங்களே பாருங்கள்.' ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதினொரு மீனின் படத்தையும் வண்ணப் பென்சிலால் வரைந்து கண்ணாடியில் ஒட்டுவார்.

முதலில் யாரும் நிற்கவில்லை. பிறகு ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள் நின்றார்கள். ஆகஸ்டில் எந்த மீன் முதலில் வெளுக்கும் என்று டீக்கடையில் பந்தயமே நடந்தது. நாலு மீன்கள் குத்திய இடத்தில் வெள்ளைப் பூசணம் கண்டு செத்தன. செத்ததையும் மறைக்காமல் படத்தில் சிலுவைக் குறி போட்டார். மற்ற ஏழும் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பூஜை விடுமுறைக்கு இரண்டே குடும்பங்கள் மீன் விட்டன. கடைசிப் பச்சை மறைந்தது 1998 ஜனவரி 9.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீனிவாசராகவன் ஸ்னேகாவோடு வந்தார். இருபத்தொன்பது படங்களையும் வரிசையாகப் பார்த்தார்.

"நான் அன்னிக்கு நாலு பேர் முன்னால சொல்லிட்டேன், மாமி."

"அப்போ நாலு பேர் முன்னாலயே இதையும் சொல்லிடுங்கோ."

சொன்னார். வாசலில் நின்று, கொஞ்சம் உரக்கவே. அந்த மே மாதம் முப்பத்து நாலு குடும்பங்கள் வந்தன. தடுப்புக் கண்ணாடி போதவில்லை. எங்கள் வீட்டு அண்டாவில்கூட ஒரு வாரம் யாருடையவோ மீன்கள் நீந்தின. தெளிந்த ஏழு மீன்கள் அவரிடமே இருந்தன. கடைசியாக ஒன்று 2001 வரை உயிரோடிருந்தது. அவை நிறம் இல்லாமல்தான் அழகு என்று வத்சலா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சிலர் ஒப்புக்கொண்டார்கள்.

2009 நவம்பரில் ஸ்னேகா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பதினைந்து நாள் பயிற்சிக்குப் பெங்களூர் போக வேண்டும். பையில் நாலு சின்ன மீன்கள், செங்கல் சூளைத் தணல் மாதிரிச் சிவப்பு. அரசு அனுமதி இல்லாமல் யாரோ நாட்டுக்குள் கொண்டுவந்த சரக்கு.

"ஷொத்தி பொல்ச்சி மாமி, நெஜமாத்தான் சொல்றேன், ஊசி இல்ல. வேற ஒரு உயிரோட ஜீனை முட்டையிலயே சேத்துட்டாங்க. பொறக்கும்போதே சிவப்பு. வலியும் இல்ல, வெளுக்கவும் வெளுக்காது. இதையும் விக்க மாட்டியா?"

வத்சலா பையை வெளிச்சத்துக்குத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். "வலி இல்லேங்கறது பெரிய விஷயம்டி. அதுல எனக்கு சந்தோஷம்தான்."

"அப்பறம் என்ன?"

"குத்தின கலர் அந்த மீனோட போயிடும். இது பிள்ளை குட்டிக்கும் போகும் இல்லையா? டிரான்ஸ்பர் வந்தா நம்ம ஜனங்க மீனை என்ன பண்றா? லேக்ல கொட்டிட்டுப் போறா. அங்க இது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாம ஒரு தடவை வித்தாச்சு."

ஸ்னேகா பையை முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டாள். "அப்ப இதுங்களை வெச்சுக்க மாட்டியா?"

"விக்கறதில்லன்னுதானே சொன்னேன். இதுங்க என்ன பாவம் பண்ணித்து? குடு இங்க. ஆணும் பொண்ணும் தனித்தனியா வைப்பேன், அப்பறம் குறை சொல்லாதே."

நாலையும் பிரித்து விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சிவப்பு அந்த மூலை முழுவதும் பரவியது. அழகாகத்தான் இருந்தது, அதை அவரும் மறுக்கவில்லை. பெங்களூருக்கு எந்த ரயில், பெர்த் கிடைத்ததா, சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறாளா என்று வத்சலா கேட்க ஆரம்பித்தார்.