முட்டைக்கோஸ் தண்ணீர் குடிப்போர் சங்கம்

நெதெல்கா பதினெட்டு வருடமாகச் சந்தையில் குழாயடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பீப்பாயில் ஊறிய முட்டைக்கோஸ் விற்பாள். ஞாயிறு காலையில், முந்தைய நாள் குடித்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஊறல் தண்ணீரை ஆளுக்கொரு குவளை குடித்துவிட்டு மனிதர்களாகத் திரும்பிப் போவார்கள்.

பழைய ஆட்சி போய்த் தேர்தல் வந்ததும் ஊரெல்லாம் சங்கம். புறா வளர்ப்போர் ஒன்று தொடங்கினால், எச்சத்தைத் துடைப்போர் மறுவாரமே இன்னொன்று தொடங்கினார்கள். பூக்காரிகளும் தொடங்கினார்கள். வட்ட முத்திரை குத்தி அவர்கள் நகராட்சிக்கு எழுதிய முதல் கடிதமே நெதெல்காவைப் பற்றித்தான். பீப்பாய் நாற்றத்தில் பூ விற்கவில்லையாம். அவளைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அனுப்ப வேண்டுமாம்.

அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. பீப்பாயைக் கழுவாமல் என்ன வியாபாரம்?

நகராட்சி அலுவலர் தன்மையாகத்தான் பேசினார். "தனியா வந்தா நான் என்னம்மா செய்யிறது? நகராட்சிக் கூட்டத்துல சங்கம்தான் பேசலாம். ஏழு கையெழுத்து, ஒரு முத்திரை கொண்டாங்க."

சந்தையில் கோஸ் விற்பவர்கள் இரண்டே பேர், அவளும் நாத்தனார் பென்காவும். ஞாயிறன்று பென்காதான் எல்லோரிடமும் புலம்பினாள்.

"விக்கிறவங்கதான் சங்கம் வைக்கணுமா அக்கா? குடிக்கிறவங்க வைக்கக் கூடாதா?" என்றான் பேருந்து ஓட்டும் அஸ்பாருக். "பீப்பாயத் தேடிக்கிட்டு ஊரச் சுத்தற நெலமையிலயா நாங்க வர்றோம்?"

குவளையைக் கீழே வைத்தவர்கள் பேனாவை எடுத்தார்கள். ஏழாவதாக வந்தவர் குரூம், பூக்காரிகளின் தலைவி ஸ்டெஃப்காவின் கணவர்.

"மாமா, வீட்ல சேத்துக்குவாங்களா?" என்றாள் பென்கா.

"இப்ப மட்டும் சேக்குறாளாக்கும்? குடும்மா பேனாவ."

செவ்வாய்க்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் நெதெல்கா எழுந்து நின்றாள். எழுதி வந்த தாளை விரித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு உறுப்பினர்களில் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை முகங்கள். தாளை மடித்துவிட்டாள்.

"எங்க போகச் சொன்னாலும் போறேங்க. ஞாயித்துக்கிழமை நீங்க அங்க வந்துருவீங்கல்ல?"

சபை சிரித்தது. ஸ்டெஃப்காவே சிரித்துவிட்டு, கணவரின் முதுகில் ஒன்று வைத்தாள். பீப்பாய்க்கு மூடி போட வேண்டும், இடம் மாற வேண்டாம் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை, வறுத்த விதை விற்கும் பெண்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். "குழாய நீயே வளைச்சுக்கிட்டா எப்படி? நாங்களும் நகராட்சிக்கு எழுதப்போறோம்!"

நெதெல்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"மூணு பேர் பத்தாதுடி, இன்னும் நாலு பேரக் கூட்டியாங்க. உக்காருங்க, மொத வரி எப்படி எழுதணும்னு சொல்றேன்."