பெட்டியைத் தொடவில்லை

என் மகள் கல்யாண வீடுகளுக்கும் பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகளுக்கும் வீடியோ எடுப்பவள். கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய வேலையிடம். வருடா வருடம் வாங்கிச் சேர்த்த ஹார்ட் டிஸ்க்குகள் அலுமாரி முழுக்கக் கிடந்தன. யாராவது பழைய வீடியோவைக் கேட்டால் ஒவ்வொன்றாகக் கொழுவிப் பார்க்க வேண்டும். அந்தக் கரைச்சல் தாங்காமல், யாரோ பாவித்த சிறிய சேவர் கம்பியூட்டர்ப் பெட்டி ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதோடு இணைத்தாள்.

சேவரில் வயர் கொழுவ இரண்டே துளைகள். அதனால் இடையில், ஒரு துளையைப் பலதாக்கும் நீளமான ஹப் ஒன்று. தாய்ப்பூனையின் வயிற்றில் குட்டிகள் ஒட்டிக் கிடப்பதுபோல் டிஸ்க்குகள் அதில் வரிசையாக நின்றன. ஹப்புக்குத் தனியாக ஒரு கறுப்பு அடப்டர்.

"இதென்ன புள்ள, இதுக்கு வேற தனிச் சாப்பாடா?"

"ஓம்மா, பெட்டியால மட்டும் இத்தனைக்கும் கரண்ட் குடுக்கேலா. இது இல்லாட்டி எல்லாம் மூச்சடைச்சுப் போகும்."

சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். நான் விஞ்ஞான ஆசிரியை. அதையே ஒரு மாணவி கேட்டிருந்தால் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியிருப்பேன். மகள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அன்று அவள் பெரியகல்லாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டாள். முந்திய வாரம் கிரானில் எடுத்த கல்யாணத்தை ஒரு பழைய டிஸ்க்கில் இறக்கியிருந்தாள். புதிய வேலைக்குத் தேவை என்று கமராவின் மெமரி கார்டுகளையும் அழித்துவிட்டாள். இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்க்குக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மழைக்குணமா இருக்கு. எது நடந்தாலும் பெட்டிய நிப்பாட்டிப்போடாதீங்க. உங்களுக்கு இடி கேட்டா இந்த வீட்டுச் சுவரில ஒரு பிளக் மிஞ்சாது, பல்லி கூட ஒட்டியிருக்கேலா."

"தொடமாட்டன். மழைக்கு முன்னுக்குப் போய்ச் சேர்."

மத்தியானத்துக்குப் பிறகு வாவிக்கு அப்பால் கறுத்து வந்தது. முதல் இடிக்கே நான் எழும்பிவிட்டேன். டீவி, குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றினேன். இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பதும் அதுதான். முன்னறையில் சேவரின் பச்சை வெளிச்சம் மினுங்கியது. அதை விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த கறுப்பு அடப்டரை மட்டும் இழுத்தேன். சார்ஜர்தானே என்று நினைத்தேன்.

நனைந்து வந்தவளிடம் பெருமையாகவே சொன்னேன்.

"எல்லாத்தையும் கழட்டிப்போட்டன். உன்ட பெட்டியத் தொடல்ல."

அவள் முன்னறையைப் பார்த்தாள். பிறகு ஈர உடுப்போடு தரையில் குந்தி அடப்டரை மறுபடி கொழுவினாள். மற்ற டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. அந்தப் பழைய டிஸ்க் மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. இரண்டாவது பிரதியில் பொம்பிளை அழைப்பு வரைதான் வந்திருந்தது. தாலி கட்டு இல்லை.

திருத்துபவர்களிடம் கொண்டுபோனாள். முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு கிரான் பொம்பிளையின் தாய்க்குப் போன் எடுத்தாள். நான் வாசல்படியில் நின்றேன்.

"அன்ரி, என்ட டிஸ்க் ஒண்டு பழுதாப் போச்சு. தாலி கட்டு அதுக்குள்ள... ஓம் அன்ரி, என்ட பிழைதான்."

மறுபக்கக் குரல் எனக்கும் கேட்டது. "அப்ப என்ன புள்ள, மறுகாவும் ஒருக்காத் தாலி கட்டச் சொல்லட்டா? மாப்பிள்ள வேலைக்கெண்டு கட்டாருக்குப் போய்ட்டார்!"

போனை வாங்கி நான்தான் என்று சொல்ல அந்த ஒரு கணம் இருந்தது. கை நீளவில்லை.

மறுநாள் அவள் கிரானுக்குப் புறப்படும்போது, "நானும் வாறன்" என்றேன்.

"வந்து?"

"நான்தான் கழட்டினன் எண்டு சொல்லுறன்."

"அப்ப, எங்கட கல்யாணத்த அம்மாட கையிலயா விட்டுட்டுப் போனாய் எண்டு கேப்பாங்க. அதுக்குப் பிறகு ஆரும் என்னைக் கூப்பிடமாட்டாங்க. நீங்க இருங்கம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குப் புரியட்டும் என்று மெதுவாக, பொறுமையாகச் சொன்னாள்.

பின்னேரம் திரும்பி வந்தாள். ஏச்சு வாங்கியிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. பொம்பிளையின் சொந்தக்காரர் தங்கள் போன்களில் எடுத்த துண்டுகளைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். உடுப்பு மாற்றாமலே அவற்றை ஒட்டத் தொடங்கினாள். மேளமும் பெண்கள் போட்ட குரவையும் கேட்டன. படத்தில் யாரோ ஒருவருடைய தோள் பாதியை மறைத்தது. தாலி கட்டும் கைகள் மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தன.

"நல்லாத்தானே இருக்கு, மகள்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "இல்லம்மா, நல்லா இல்ல" என்றாள்.