மிளகுப் பெட்டியில் துளை போட்டவர்

அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டுவாக்கில், வெயிலில் மிளகு உலர்த்தும் கண்ணாடி மூடிப் பெட்டி ஒன்றைத் கொல்லிமலையில் திருப்புலி நாடு என்னும் ஊராட்சியில் அவர் வீட்டு வாசலில் சோதனைக்காக வைத்துவிட்டு வந்திருந்தேன். ஏதோ ஒரு வறண்ட நாட்டில் வரைந்த வடிவம் அது. கொல்லிமலை மூடுபனியில் மிளகு பூசணம் பிடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெட்டியைத் திரும்ப எடுத்துவர லாரியோடு போனேன்.

பெட்டியின் தகரத்தில், மேல்விளிம்பை ஒட்டி, ஆணியால் வரிசையாகத் துளை போட்டிருந்தார் அந்த அம்மாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு ஒல்லியான உடம்பு, நெற்றியோர முடியில் நரை. எதையும் முகர்ந்து பார்த்த பிறகே பேசுகிறவர். ஒரு பிடி மிளகை அள்ளி முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. ஈரம் போக வழியில்லாம உள்ளயே நின்னுச்சுங்க. வழி உட்டேன், காஞ்சிருச்சு."

மிளகு கமகமவென்று மணத்தது. லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினேன்.

"அடுத்த பொட்டி செய்யறப்ப நானும் வாரனுங்க" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம், பெட்டி செய்யும் அடிவாரத்துப் பட்டறைக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். சாக்கட்டியை வாங்கி, புதுத் தகரத்தில் துளைக்கான இடங்களைத் தானே குறித்தார். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அம்மா குறிச்ச இடத்துலயே போடுங்க பாய்" என்றேன்.

பொறியாளனாக நான் கொடுத்த உத்தரவுகளில் இன்றும் எனக்குப் பிடித்தது அதுதான்.