இருநூற்றுப் பதினேழு சொற்கள்

தம்பி பேருந்து ஓட்டுநர். ஓட்டிக்கொண்டே வண்டி முழுவதற்கும் கதை அளக்கிறவன். பக்கவாதம் வந்து அவன் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போனதும், கூடவே இருந்த அக்காவுக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் சொன்னாள்: "திரும்பி வர்ற ஒவ்வொரு வார்த்தையையும் எழுதி வைங்க. தினமும் அவர் கண்ணுல படட்டும்."

முதலில் வந்தது, "போடி." அக்கா சிரித்தாள், அழுதாள், கணினியில் ஒரு கோப்பைத் திறந்து அதை முதல் வரியாகத் தட்டினாள். ஏழு மாதத்தில் இருநூற்றுப் பதினேழு வரிகள் சேர்ந்தன.

அவள் நூலகத்தில் புத்தகப் பட்டியல்களைச் சரிபார்க்கிறவள். அந்த வேலைக்காகக் கொஞ்சம் பைத்தான் என்ற நிரல்மொழி கற்றிருந்தாள். தம்பிக்கென்று ஒரு சின்ன நிரல் எழுதினாள். கோப்பை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் திரையில் பெரிதாகக் காட்டும். புதுச் சொல்லைத் தட்டினால் கடைசியில் சேர்க்கும். படிக்கிற பாதி அழகாக ஓடியது. எழுதுகிற பாதியில் கை தவறிவிட்டது. கோப்பைத் திறக்கும்போது ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தைக் கொடுத்தால், இருப்பதற்கு அடியில் எழுதும். ‘டபிள்யூ’ என்று கொடுத்தால், இருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். அவள் ‘டபிள்யூ’ போட்டிருந்தாள்.

நிரல் எழுதி முடித்த மறுநாள் காலை தம்பி "ஜன்னல்" என்றான். தட்டினாள். கோப்பில் ஜன்னல் மட்டும் இருந்தது.

அலுவலகத்தில் எதற்கும் இரண்டு நகல் வைக்கிறவள் வீட்டில் ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பி காலை இழுத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான்.

"எல்லாம் போச்சுடா. நான்தான் அழிச்சிட்டேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையால் மேசையைத் தட்டினான்.

"எ... எழுது."

அந்தச் சொல் அவன் வாயில் அதுவரை வந்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஓர் எழுத்தைத் திருத்தினாள்.

"சட்டை," என்றான். "தண்ணி. சாவி." திணறினான், கையைக் காட்டினான், தன்மேலேயே எரிந்து விழுந்தான். மத்தியானத்துக்குள் நாற்பது சொற்கள். நான்கு நாளில் நூற்றுத் தொண்ணூறு. சில வரவேயில்லை. அவற்றுக்குப் பதில் ஹாரன், படிக்கட்டு, டிக்கெட் என்று பேருந்துச் சொற்கள் கும்பலாக ஏறி வந்தன.

"கொஞ்சம் நிறுத்துடா, விரல் வலிக்குது."

"மாட்டேன்," என்றான், திக்காமல்.

மறுபடி அவனால் வண்டி ஓட்ட முடியவில்லை. இப்போது பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். பதில் மெதுவாகத்தான் வரும். கேட்கிறவர்கள் நின்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். அக்கா அந்தக் கோப்பை மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகளோடு எழுதுவதை விட்டுவிட்டாள். அவனுக்குப் புதுச் சொற்கள் வருகிற வேகத்துக்கு அவளால் தட்ட முடியவில்லை.