குறிலுக்குப் பதில் நெடில்

சங்கமித்ரா பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். அப்பா பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது அவள் பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊரில் பலரையும் போல இருட்டோடு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினாள். பிரேசர் டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜை அவளுடையது. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

நோயாளிகளுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்புவதும் அவள் வேலை. ஒருமுறை ஒரு பெரியவருக்கு 'நாளை ஞாபகப்படுத்துகிறேன்' என்று எழுத வந்தவள், 'ரிமைண்ட்' வரவேண்டிய இடத்தில் 'ரிமெம்பர்' போட்டுவிட்டாள். நாளை உங்களை நினைத்துக்கொள்வேன் என்று அர்த்தம் மாறிவிட்டது. "நன்றி மகளே, வேறு யாரும் என்னை நினைப்பதில்லை" என்று பதில் வந்தது. மறுநாள் வேலைக்கு நடுவே அவரை நிஜமாகவே நினைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வார்த்தையா பாரு" என்றார். அதிலிருந்து எந்த ஆங்கிலச் சொல்லையும் அவள் எழுத்தெழுத்தாகத்தான் படித்தாள்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வருபவர் பால்ராஜ். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். லிஃப்டில் வேலை முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் டீ குடிப்பார்கள். அவருக்குக் கன்னட எழுத்து தெரியாது, அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. 'சாப்பிட்டீங்களா' என்பதையே ஆங்கில எழுத்தில்தான் அனுப்பிக்கொள்வார்கள். ஆனால் பெரிய விஷயத்தை முழு ஆங்கிலத்தில் சொல்வதுதான் மரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரு சாயங்காலம், ரயில் ஏரிக்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. 'ஐ வாண்ட் டு லீவ் வித் யூ.'

உன்னோடு கிளம்பிப் போக ஆசை. அப்படித்தான் அதற்கு அர்த்தம். எங்கே என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. பெயர்ப்பலகை இல்லாத ஏதோ ஒரு ஸ்டேஷனில் இருவரும் இறங்குவதுபோலவும், தெரு முழுக்க ஈர மணல் மணப்பதுபோலவும் இருந்தது. யாரோ தோளைத் தொட்டு, "அம்மா, கடைசி ஸ்டேஷன்" என்றபோதுதான் எழுந்தாள். பிளாட்பாரத்தில் நின்று 'யெஸ்' என்று அனுப்பினாள்.

மறுநாள் காலை இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள்.

லிஃப்ட் வாசலில் காத்திருந்த பால்ராஜ் பையைப் பார்த்தார். "எங்கியாவது போறீங்களா மித்ரா?"

"அதை நீங்கதான சொல்லணும்?"

அவருக்குப் புரியவில்லை. அவள் போனை நீட்டினாள்.

"லிவ்னுதான எழுதனேன்? என்கூட வாழ வரீங்களான்னு கேட்டேன்."

"இது லீவ்ங்க. விட்டுட்டுக் கிளம்பறது."

அவர் முகம் வெளிறியது. "ஐயையோ, தப்பாயிடுச்சே. எங்கன்னு தெரியாமலா பையை எடுத்துனு வந்தீங்க?"

"ஆமா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் வாழக் கூப்பிட்டது பெரிய சந்தோஷம்தான். ஆனாலும் பெயர்ப்பலகை இல்லாத அந்த ஸ்டேஷன் கைநழுவிப் போவதுபோல மனசு வலித்தது.

பால்ராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எங்க போலாம்னு நெனச்சீங்க?"

"சும்னேதான்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள். "நான் கடல் பாத்ததில்ல."

அவர் கருவிப்பெட்டியைக் காவலாளியிடம் கொடுத்தார். "நான் லீவு போட்டுடறேன். நீங்களும் டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க."

கண்டோன்மென்ட்டில் சென்னை ரயில் ஏறினார்கள். கடற்கரையை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. கண்ணுக்கு எட்டியவரை எதுவும் குறுக்கே இல்லாத ஓர் இடத்தை அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அப்பா இதைப் பார்த்திருப்பாரா என்று யோசித்தாள். அலை வந்து புடவைக் கரையை நனைத்துவிட்டுப் போனது. பால்ராஜ் பக்கத்தில் நின்றார்.

அடுத்த மாதம் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. இப்போது அவள் பிரேசர் டவுனில் அவருடைய வீட்டில் இருக்கிறாள். பழக்கத்தில் இன்னமும் விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். மசூதியில் பாங்கு ஒலித்து, சர்ச் மணியும் அடித்து ஓயும்வரை பனி படர்ந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எழாமல் படுத்திருப்பாள்.