ஓடை கலங்கும் இடம்

சமூகக் கல்லூரியில் நீடித்த வேளாண்மை படித்தபோது, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் ஓடையைக் கவனித்துவரும்படி விரிவுரையாளர் சொன்னார். நானும் என் தோழியும் எங்கள் தேயிலை எஸ்டேட் வழியாக ஓடும் ஓடையை எடுத்துக்கொண்டோம். யோசனை என்னுடையது. எஸ்டேட் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளுக்கு அதிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. கொஞ்ச காலமாக, மழை பெய்தாலே குழாயில் செம்மண் நிறத்தில் கொட்டியது. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, குழாய் வாயில் துணியைக் கட்டித் தண்ணீர் பிடிப்பார். ஏன் கலங்குகிறது என்று எங்களில் யாரும் மேலே போய்ப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, மழை விட்டதும் இருவரும் ஓடையோரமாக ஏறினோம். வழியெல்லாம் கலங்கல். காட்டு விளிம்பை அடைந்ததும் அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். கலங்கலுக்கும் தெளிவுக்கும் நடுவில் ஒரே ஒரு தோட்டம்தான் இருந்தது. அதன் பின்பக்கச் சரிவைப் புதிதாக வெட்டியிருந்தார்கள். அங்கிருந்து மண் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அது என் தோழியின் அப்பாவுடைய முட்டைக்கோஸ் தோட்டம். எப்போதும் கோலா தெர்லா ஊர்ச் சாலை வழியாகவே தோட்டத்துக்குப் போய்வந்தவள், ஓடையோரத்திலிருந்து அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

"வேற ஓடைய எடுத்துக்கலாம்டி. டீச்சர்கிட்ட நான் பேசுறேன்," என்றேன்.

அவள் கைபேசியை எடுத்துச் சரிவைப் படம்பிடித்தாள். "வேணாம். ஆனா கிளாஸ்ல சொல்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட சொல்லணும். நீயும் வா."

அவர் லோரியில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் சொல்லி முடிக்கும்வரை வேலையை நிறுத்தவில்லை.

"மலையில தோட்டம் போட்டா மண்ணு இறங்கத்தான்லா செய்யும். நான் ஒருத்தன்தான் வெட்டுறேனா?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க லைன்ல அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறீங்களா?"

"ஆமா அங்கிள். வடிகட்டி, காய்ச்சிக் குடிக்கிறோம்."

அவர் அடுத்த கூடையைத் தூக்கினார். பஸ் நிற்கும் இடம்வரை என் தோழி எனக்கு முன்னால் தனியாக நடந்தாள். எங்கள் நட்பு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த மழையன்று தோழியின் அப்பா மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரென்று நான் சொன்னதும், அம்மா குழாயைத் திறந்துவிட்டார். அவர் இரு கைகளாலும் தண்ணீரை ஏந்தினார். வழிந்துபோன பின் உள்ளங்கையில் மண் தங்கியிருந்தது.

"என் மண்ணுதான்," என்றார்.

"மழையில நிக்காதீங்க, உள்ள வாங்க," என்றார் அம்மா. அவர் வரவில்லை.

வகுப்பில் என் தோழிதான் பேசினாள். படத்தைக் காட்டி, இது என் அப்பாவின் தோட்டம் என்று மலாய் மொழியில் சொன்னாள். அங்கே பாதிப் பேர் இப்படித் தோட்டம் போட்டிருப்பவர்களின் பிள்ளைகள்.

அவள் அப்பா சரிவின் மேல் பிளாஸ்டிக் விரித்தார். மண் தங்குவதற்குக் கீழே பெரிய குழி தோண்டினார். ஓடையை ஒட்டிய பாத்திகளில் பயிர் வைப்பதை விட்டுப் புல் வளர விட்டிருக்கிறார். மழைக்குத் தண்ணீர் இப்போதும் கலங்குகிறது. ஆனால் சீக்கிரம் தெளிந்துவிடுகிறது.

சென்ற மாதம் ஓடையின் இன்னொரு கிளையருகே வேறொருவர் சரிவை வெட்டத் தொடங்கினார். தோழி, அவள் அப்பா, நான் மூவரும் போய்ப் பேசினோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், எங்களுக்குக் காப்பி கொடுத்தார். நாங்கள் கீழே இறங்கும்போது மண்வெட்டும் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.